டாபடில் பூவும் அதன் தாளும்

நூல் கொள்முதல், கடன் தவணை, மஞ்சள் விலை ஆகியவற்றைப் பற்றிப் படித்துப் பழகிய நம் அங்கத்தினர்கள், இவ்விதழில் ஓர் ஆங்கில நாட்டுப் பூவைப் பற்றிய கட்டுரையைக் கண்டு வியப்புறக்கூடும். இப்பூ நம் சமவெளியில் எங்கும் பூப்பதில்லை. இதனைப் பயிரிடுமாறு எவருக்கும் யான் சொல்லப் போவதுமில்லை. ஆயினும் இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். வேலை முடிந்து புறப்படும் சமயத்தில், நெடுங்காலமாகச் சங்கத்தில் அங்கத்தினராக இருந்துவரும் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். அவருடைய மகள் கணவருடன் இங்கிலாந்தின் வட பகுதியில் குடியிருக்கிறாள். அவர்கள் வாங்கிய வீட்டின் பின்புறத்தில் புல்தரை ஒன்று இருக்கிறது. முதல் ஆண்டு மார்ச் மாதத்தில் அப்புல்லின் நடுவே எவரும் நடாமலே நூற்றுக்கணக்கான மஞ்சள் பூக்கள் எழுந்து நின்றன. பூக்கள் வாடியதும், வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கப்படி, அந்தப் பெண் சாய்ந்து கிடந்த இலைகளையெல்லாம் புல்லோடு சேர்த்து அறுத்துத் தள்ளிவிட்டாள். சுவரோரம் நின்றவற்றை மட்டும் அழகாக முடிந்து வைத்தாள். மறு ஆண்டு இலைகள் வந்தன; பூ மிகச் சிலவே வந்தன. அதற்கடுத்த ஆண்டு அவையும் இல்லை.

“இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் இந்தப் பூவைப் பற்றிப் பாட்டே படித்தவர் ஆயிற்றே. என்ன கோளாறு என்று சொல்லுங்களேன். பிள்ளை மனம் வருந்திப் பேசுகிறாள்” என்றார் அவர்.

எனக்கு நாணமாகப் போய்விட்டது. அந்தப் பாட்டைப் பள்ளியில் நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவன்தான் யான். ஆனால் டாபடில் மரமா, கொடியா, செடியா என்பது கூட அன்று எனக்குத் தெரியாது. ஆசிரியருக்கும் தெரிந்திருக்குமென்று தோன்றவில்லை. ஊர் திரும்பியபின் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

டாபடில் என்பது வெங்காயத்தைப் போன்று அடுக்கடுக்கான செதில்களையுடைய குமிழிலிருந்து முளைப்பது. இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் வேர் விடும். குளிர்காலம் முழுவதும் குளிரை உண்டு கிடக்கும். இக்குளிர் அதற்கு இடையூறன்று, இன்றியமையாத தேவை. பன்னிரண்டு வாரங்களுக்குக் குறையாமல் குளிர்ந்த மண்ணில் கிடந்தாலன்றிப் பெரும்பாலான வகைகளில் பூந்தண்டு ஒழுங்காக நீள்வதில்லை. நம் சமவெளியில் அது பூக்காமைக்கு இதுவே காரணம். (கொத்துக் கொத்தாகப் பூக்கும் நர்கிஸ் என்னும் அதன் உறவினம் காஷ்மீரத்திலும் இமயச் சாரலிலும் பூக்கிறது, அது வேறு வகை.) பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பூத்து, ஜூன் மாதத்தில் இலை காய்ந்து, மீண்டும் மண்ணுக்குள் உறங்கிவிடும்.

பூ உதிர்ந்தவுடன் அவ்வாண்டின் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். செடியின் கணக்கில் அப்பொழுதுதான் வரவு தொடங்குகிறது. பூத்து ஓய்ந்த குமிழ் தன் சேமிப்பையெல்லாம் செலவழித்துச் சுருங்கியிருக்கும். அடுத்த ஐந்தாறு வாரங்களில் பச்சை இலைகள் வெயிலைக் கொண்டு உணவு செய்து குமிழுக்கு இறக்குகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில், மே மாதத்தில் தொடங்கிக் கோடையில், மறு ஆண்டுக்குரிய பூமொட்டு குமிழின் உள்ளே உருவாகிறது. நாம் அடுத்த மார்ச்சில் காணப்போகும் பூ, இவ்வாண்டு இலை சாய்ந்து கிடக்கும்போதே உள்ளே கருக்கொண்டு விடுகிறது என்றால் மிகையாகாது. அந்த நேரத்தில் இலையை அறுப்பது, சின்ன வெங்காயத்தில் காய் திரளும் முன்னே தாளை அறுப்பதற்கு ஒப்பாகும். நம் வெங்காய விவசாயிகளுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சங்கக் காரியதரிசிகளுக்கு வேறு வகையில் சொல்லலாம்: ஆண்டு இலாபம் முழுவதையும் பங்கு பிரித்துக்கொண்டு ரிசர்வ் நிதிக்கு ஒரு காசும் ஒதுக்காத சங்கத்தின் நிலைதான் அது.

இலைகளை முடிந்து வைப்பதும் ஏறக்குறைய அதே தவறே. அங்கு வீட்டுத் தோட்டக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாக அவ்வாறு முடிந்து வந்தனர். மடித்துக் கட்டிய இலையில் வெயில் படும் பரப்புக் குறைகிறது. ஆகவே குமிழுக்குச் சேரும் உணவும் குறைகிறது. பூ உதிர்ந்த நாளிலிருந்து ஆறு வாரமாவது இலையைத் தொடாமல் விடவேண்டுமென்பது இப்பொழுது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. தாமாக மஞ்சளித்துச் சாயும் வரை விடுவது இன்னும் நன்று. வாடிய பூவை மட்டும் விதை பிடிக்குமுன் கிள்ளி எறியலாம். தண்டு பச்சையாக இருப்பதால் அதனை விட்டு வைக்கவேண்டும்.

பூக்காமல் போவதற்கு வேறு காரணங்களும் உள. ஆழமின்றி நட்டால் குமிழ் சிறு சிறு குமிழ்களாகப் பிரிந்துகொண்டே போய் எதுவும் பூக்கும் பருமனை எட்டாது. குமிழின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் வேண்டும். புல்லில் நடுவதாயின் ஆறு அங்குலம். பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடந்தாலும், இளவேனிலில் மண் வறண்டுபோனாலும், மரநிழல் வளர்ந்து மூடினாலும் இதே கேடு வரும். நெருங்கிய குத்துக்களை இலை காய்ந்தபின் தோண்டிப் பிரித்து, செப்டம்பரில் மீண்டும் நடவேண்டும். செப்டம்பரைத் தாண்ட விடுவது நல்லதன்று. ஏனெனில் டாபடில் மற்ற குமிழ்ச் செடிகளைவிட முன்னதாக வேர் விடத் தொடங்கும். வாங்கும்போது கையில் கனமாகவும் அழுத்தினால் உறுதியாகவும் இருப்பதே நல்ல குமிழ். அடிப்புறம் மெத்தென்றிருந்தால் அழுகல் நோய் என்று கொள்க.

இனி, எதனைத் தேர்ந்தெடுப்பது என்பது.

இதில்தான் பலர் வழுக்கி விழுகின்றனர். லண்டனிலுள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம் டாபடில் வகைகளுக்குப் பதிவேடு ஒன்று வைத்திருக்கிறது. அதில் 27,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவை 13 பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நடுக்குழல் இதழளவு நீண்டதா, பாதியா, சிறு வளையமா, பூ அடுக்கா, தண்டுக்கு ஒன்றா பலவா என்பவற்றைக் கொண்டே பிரிவு. கடைப் பட்டியலைப் புரட்டுபவர் கண் பெரிய பூவின் மேல் போகும். பாத்தியில் நடுவதாயின் அதில் தவறில்லை. பாத்தியில் மண்ணைக் கொத்தலாம், எருவிடலாம், காற்றுக்கு மறைப்பு வைக்கலாம். புல்வெளியில் அந்த வசதி இல்லை. அங்கே பூ தானே நிற்க வேண்டும், தானே பெருகவேண்டும். அடுக்குப் பூக்களை அங்கே நட்டால் ஒரு மழைக்குத் தலைகனத்து முகங்குப்புற விழுந்து சேற்றில் கிடக்கும். ஆள் உயரப் புல் வளரும் இடத்தில் அரையடிச் செடியை நட்டால் பூத்ததே தெரியாது.

புல்வெளியைப் பொறுத்தமட்டில் முதற்கேள்வி நிறமுமன்று, உருவமுமன்று, “இந்தப் புல்லை நீ எப்பொழுது அறுக்க வேண்டும்?” என்பதே. மே மாத இறுதிக்குள் அறுத்தாக வேண்டிய வீட்டுப் புல்தரையில் முந்திப் பூப்பனவற்றையே நடவேண்டும். மார்ச்சில் பூத்தால் ஆறு வாரம் கழித்து மே மாதத்தில் அரிவாளோ இயந்திரமோ போகலாம். ‘பிப்ரவரி கோல்டு’ என்பது இதற்கு ஏற்றது. (பெயர்தான் பிப்ரவரி, பெரும்பாலான இடங்களில் மார்ச்சில்தான் பூக்கிறது. பெயர் வைத்தவர் சற்று முந்திக்கொண்டார் போலும்.) இதழ்கள் பின்னோக்கி மடிந்த ‘ஜெட்பயர்’ என்பதும் அவ்வகையினதே. மாறாக, வெள்ளை இதழும் செவ்விளிம்பிட்ட சிறு கண்ணும் நல்ல மணமும் கொண்ட பொயட்டிகஸ் இனத்துப் பூக்கள் ஏப்ரல், மே மாதங்களில் வருவன. இவற்றை நட்டவர் ஜூலை வரை புல்லைத் தொடக்கூடாது. வைக்கோலுக்காகப் புல்லை வளர விடும் ஈரமான வெளிக்கு இவை மிகவும் ஏற்றவை. வாசலில் உள்ள புல்தரைக்கு ஒவ்வா. இவ்வினத்தில் ‘ஆக்டியா’ என்பது தலைசிறந்தது.

பெரிய குழற்பூவே வேண்டும், புல்லிலும் நிலைக்க வேண்டும் என்பார்க்கு ‘கார்ல்டன்’, ‘ஐஸ் பாலீஸ்’ என இரண்டு உண்டு; பல ஆண்டுகள் கவனிப்பின்றியும் பெருகுவன. வெண்ணிறத்தில் தண்டுக்கு இரண்டு மூன்றாகத் தொங்கும் ‘தாலியா’ 1916-ல் ஹாலந்தில் வெளியானது. இன்றும் ஈடில்லை என்பது என் கருத்து. தொட்டிக்கும் பாத்தியின் முன் வரிசைக்கும் ‘டேட்-அ-டேட்’ எனப்படும் சிறு பூவை விஞ்சியது கிடையாது. கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் உருவாக்கியது அது. புல்லுக்கு அது குள்ளம்.

பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜான் கெண்டல் என்பவர் வளர்த்த ‘கிங் ஆல்பிரட்’ என்னும் மஞ்சள் குழற்பூ 1899-ல் காட்சிக்கு வந்தபோது தோட்ட உலகமே மலைத்தது. அதன் புகழ் மாறவில்லை, பூதான் மாறிவிட்டது. இன்று அப்பெயரில் விற்கப்படுபவற்றுள் மிகுதியானவை அதனையொத்த வேறு மஞ்சள் வகைகளே. கைத்தறி என்று சீட்டு ஒட்டி விசைத்தறித் துணியை விற்கும் வித்தையைக் கண்டு மனம் புழுங்கிய நம் நெசவாளர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கு விற்கப்படும் பூ மட்டமானதன்று. ஆயினும் பெயர் ஒன்று, சரக்கு வேறு என்றால் அதற்குரிய சொல் நமக்குத் தெரியும்.

நடும் முறை எளிது. ஒரு கைப்பிடிக் குமிழ்களை அள்ளிப் புல்லின் மேல் மெல்ல வீசி, விழுந்த இடத்திலேயே குழி தோண்டி நடுவர். வரிசை பிடித்து நட்டால் புல்வெளி நாற்றங்கால் போலாகிவிடும். வில்லியம் ராபின்சன் என்னும் தோட்டக்கலை எழுத்தாளர் 1870-ல் வெளியிட்ட ‘தி வைல்டு கார்டன்’ என்னும் நூலில், குளிர் தாங்கும் பூக்களைப் பாத்தியை விட்டு வெளியேற்றிப் புல்லிலும் மர அடியிலும் தாமே வாழ விடுமாறு வற்புறுத்தினார். பின்னர் தம் கிரேவ்டை மாளிகையின் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கில் டாபடில் நட்டுக் காட்டினார்.

நாம் பள்ளியில் படித்த பாட்டின் பூ இவற்றுள் எதுவுமன்று. 1802-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி வோர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கண்டது இங்கிலாந்தின் காட்டு டாபடில். டோரதி தம் நாட்குறிப்பில் அக்காட்சியை எழுதி வைத்தார். அண்ணனின் பாட்டு 1807-ல்தான் அச்சாயிற்று. அப்பூ ஓரடி உயரத்துக்கு மேல் போகாது. வெளிறிய மஞ்சள் இதழ், அதனினும் சற்று அழுத்தமான மஞ்சள் குழல். விதை விழுந்து முளைத்துப் பூக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். மெலிந்த பழைய புல்வெளிக்கு இதனினும் பொருத்தமான பூ இல்லை. அவசரக்காரருக்கு இது உதவாது.

ஒரு காலத்தில் இது எங்கும் மலிந்திருந்தது. க்ளூஸ்டர்ஷயரின் டைமக், கெம்ப்லி முதலிய கிராமங்களில் மக்கள் வயலில் பறித்துக் கட்டுக்கட்டாக ரயிலேற்றி நகரங்களுக்கு விற்பனைக்கும், லண்டன் ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினர். லெட்பரிக்கும் க்ளூஸ்டருக்கும் இடையே ஓடிய அந்த ரயில் பாதைக்கே டாபடில் பாதை என்று பெயர் வழங்கிற்று. ஏழைக் குடும்பங்களுக்குப் பஞ்சகாலமாகிய இளவேனிலில் அது கைச்செலவுக்காயிற்று. 1959-ல் அப்பாதையில் பிரயாணிகள் ரயில் நின்றது. ஆனால் பறித்ததனால் பூ அழியவில்லை. பூவைப் பறித்தாலும் குமிழும் இலையும் இருந்தன. பழைய மேய்ச்சல் நிலங்களை உழுது உரமிட்டதே அழிவுக்குப் பெருங்காரணம். வேல்ஸிலுள்ள டென்பி நகரத்தின் பெயர் பெற்ற டாபடிலோ, 19-ம் நூற்றாண்டில் வியாபாரிகளால் வண்டி வண்டியாகக் குமிழோடு தோண்டி விற்கப்பட்டு, வயல்களிலிருந்து பெரும்பாலும் மறைந்தே போயிற்று. யார்க்ஷயரின் பார்ன்டேல் பள்ளத்தாக்கில் பூ நிலைத்திருப்பதற்கு 1955-ல் அது காப்பிடமாக்கப்பட்டதும் ஒரு காரணம். இன்று பிரிட்டனில் நிலத்துக்குடையவரின் அனுமதியின்றிக் காட்டுச் செடி எதனையும் வேரோடு பிடுங்குவது 1981-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இப்பொழுது வேறொரு கேடு தோன்றியிருக்கிறது. சாலையோரங்களிலும் கிராம எல்லைகளிலும் நல்லெண்ணத்துடன் பெரிய ஒட்டு வகைகளை நடுகிறார்கள். அவை அருகிலுள்ள காட்டு டாபடிலுடன் கலந்து, பிறக்கும் கன்றுகள் இரண்டுங்கெட்டானாகின்றன. காட்டுப் பூ உள்ள இடத்துக்குப் பக்கத்தில் தோட்ட வகையை நடலாகாது என்று அங்குள்ள இயற்கைப் பாதுகாப்பாளர்கள் கூறிவருகின்றனர். பெரிய பூவுக்குப் பாத்தி இருக்கிறது, அங்கே நடட்டும். அந்தப் புல்வெளி சிறியதற்கு உரியது.

விளைவிப்போர் பக்கத்தையும் சற்றுச் சொல்லவேண்டும். உலகில் மிகுதியாக டாபடில் பயிராவது பிரிட்டனில்தான். கார்ன்வாலும் லிங்கன்ஷயரும் முக்கிய இடங்கள். இந்தத் தொழில் ஒரு முறை அடியோடு அழியும் நிலைக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று குமிழுக்குள் புகுந்து தின்னத் தொடங்கிற்று. குமிழைக் குறுக்கே வெட்டினால் பழுப்பு வளையங்கள் தெரியும். பாதிக்கப்பட்ட வயல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பாழாகும். முதல் உலகப் போரின் நடுவே, விஸ்லித் தோட்டத்தில் ராம்ஸ்பாட்டம் என்னும் இளைஞர் இதனை ஆராய்ந்தார். உறக்க நிலையிலுள்ள குமிழ்களை ஏறக்குறைய 110 டிகிரி பாரன்ஹீட் வெந்நீரில் சில மணி நேரம் ஆழ்த்தி வைத்தால் புழு சாகும், குமிழ் பிழைக்கும் என்று 1917-ல் அவர் அறிவித்தார். சூடு சற்று மிகுந்தால் குமிழ் வெந்துபோம். சற்றுக் குறைந்தால் புழு பிழைத்துக்கொள்ளும். அந்த நடுக்கோட்டைக் கண்டுபிடித்ததே அவர் பெருமை. அவர் 1925-ல் இளவயதிலேயே இறந்தார். இன்றும் விளைவிப்போர் தம் குமிழ்களை 44.4 டிகிரி செல்சியஸ் நீரில் மூன்று மணி நேரம் முக்கியெடுத்தே நடுகின்றனர்.

கார்ன்வாலுக்கு மேற்கே கடலில் உள்ள சில்லித் தீவுகளின் கதை நம் சிறு விவசாயிகள் கேட்கத் தக்கது. உருளைக்கிழங்குச் சாகுபடி தளர்ந்த காலத்தில், தீவுவாசி ஒருவர் பூக்கட்டுகளைத் தொப்பிப் பெட்டியில் வைத்து லண்டன் சந்தைக்கு அனுப்பிப் பார்த்தார் என்றும், வந்த பணத்தைக் கண்டு ஊரே பூவுக்கு மாறிற்று என்றும் அங்கே வழங்குகிறது. உப்புக் காற்றைத் தடுக்க உயர்ந்த வேலி வளர்த்துச் சிறு சிறு வயல்களில் கொத்துப் பூ வகைகளைப் பயிரிடுகிறார்கள். வயலின் மேல் புகை போட்டால் பூ முந்துகிறது என்பதையும் அனுபவத்தில் கண்டுகொண்டனர். புகையிலுள்ள எத்திலீன் வாயுவே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பிறர் பூ வருமுன் சந்தையில் தம் பூ நின்றால்தான் அத்தீவுக்குப் பிழைப்பு. கடல் கடந்த ஹாலந்திலோ, ஆல்ஸ்மீர் நகரில் 1911-ல் விளைவிப்போரே கூடி ஏலச் சங்கங்கள் அமைத்தனர். அவற்றின் வழிவந்த ராயல் ப்ளோராஹாலந்து இன்றும் விளைவிப்போருக்குச் சொந்தமான கூட்டுறவுச் சங்கமே. அதன் ஏல முறையைப் பற்றித் தனியே எழுத எண்ணமுண்டு.

வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் ஒன்றைக் கருத்தில் வைக்கவேண்டும். டாபடில் குமிழ் நஞ்சு. வெங்காயமென்று எண்ணிச் சமைத்து உண்டு வாந்தியால் துன்புற்றவர்கள் உண்டு. 2015-ல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் கடைகளில் காய்கறிக்கு அருகே டாபடிலை வைக்கவேண்டாமென்று கேட்டுக்கொண்டனர். பறிப்பவர் கையில் சாறு பட்டுப் படை போன்ற அரிப்பும் உண்டாகும். ஆனால் நம் செங்காந்தளில் நஞ்சும் மருந்தும் ஒன்றாயிருப்பது போலவே இதிலும். மறதி நோய்க்குத் தரப்படும் காலன்டமைன் என்னும் மருந்து டாபடிலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. வேல்ஸ் மலைப் பகுதியில் ஆடு மேயும் புல்வெளியிலேயே இதற்காக டாபடிலை நடுகின்றனர். ஆடு அதனைத் தின்பதில்லை.

இவ்வளவையும் படித்தபின் அப்பெரியவரைக் கண்டு, மகளுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னேன். பழைய குமிழ்கள் இறந்துவிடவில்லை, இலை வருகிறதல்லவா? அவ்விலையை ஜூன் வரை விட்டு வைத்தால் ஓரிரண்டு ஆண்டுகளில் மீண்டும் பூக்கும். வேண்டுமானால் பொட்டாஷ் உரம் சிறிது இடலாம். அண்டை வீட்டார் புல் அறுக்கச் சொன்னால் பூ உள்ள பகுதியை மட்டும் தீவு போல் விட்டுச் சுற்றிலும் அறுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவதாயின் ‘பிப்ரவரி கோல்டு’ ஐம்பது போதும்.

“பூ போனபின் இலைக்கு அவ்வளவு வேலையா?” என்று கேட்டுவிட்டு, பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சங்கப் பாஸ் புத்தகத்தினுள் மடித்து வைத்துக்கொண்டார். அந்தப் பெண் செப்டம்பர் மாதத்தில் குமிழ்களை நட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பூத்ததா என்பது மார்ச்சில் தெரியும்.